கணக்குல வராத மீனுங்க

பவளத்திட்டுல மீன் கணக்கு எப்படி எடுப்பாங்கன்னு தெரியுமா? ஒரு டைவர் கீழ இறங்கி நீளமா ஒரு அளவு டேப்பை விரிச்சுட்டு, அதை ஒட்டியே மெதுவா நீந்திக்கிட்டு ரெண்டு பக்கமும் கண்ணுல படுற மீனையெல்லாம் கையில இருக்க பிளாஸ்டிக் சிலேட்டுல பென்சிலால குறிச்சுக்கிட்டே போவார். கிளிமீன் இத்தனை, களவா இத்தனை, சர்ஜன் மீன் இத்தனைன்னு. உலகம் பூரா பல வருஷமா இப்படித்தான் எடுத்துட்டு வர்றாங்க, பெரிய மீனுக்கு நல்ல முறைதான், அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா இந்தக் கணக்குல ஒரு பெரிய கூட்டமே விடுபட்டுப் போகுது. ரெண்டு செண்டிமீட்டர், மூணு செண்டிமீட்டர், சிலது முழுசா வளர்ந்தும் ஒரு செண்டிமீட்டரைத் தொடாத மீனுங்க. பவளக் கிளைக்கு நடுவுல, கல்லோட அடியில, புழு தோண்டிட்டு விட்டுட்டுப் போன ஓட்டைக்குள்ள, மணல் நிறத்துலயே மணல் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். டைவர் கிட்ட வந்தா உள்ள போயிடும், போகாம அங்கயே இருந்தாலும் நம்ம கண்ணுக்குத் தெரியாது.

நான் முதல் தடவ டைவ் போனப்ப எனக்கும் கண்ணு பெரிய மீன் மேலயேதான் இருந்துச்சு. ஒரு வாரம் ஒரே திட்டுல தினமும் இறங்கினோம். முதல் நாளே கூட வந்த கைடு என் தோளைத் தட்டி ஒரு பவளத்தைக் காட்டினார், நான் அஞ்சு நிமிஷம் பார்த்தும் ஒண்ணும் தெரியல, அவர் விரலை இன்னும் கிட்ட கொண்டு போய்க் காட்டினப்பதான் ரெண்டு கண்ணு தெரிஞ்சது. முதல்ல கண்ணு, அப்புறம் கண்ணாடி மாதிரி ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு உடம்பு, அதுக்குள்ள சிவப்பா சின்னச் சின்னப் புள்ளி. என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம், அவ்ளோதான். அது என்னைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு, நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன், சிலிண்டர்ல காத்து குறையுதுன்னு அவர் இழுத்துட்டு வர்ற வரைக்கும். ஆறாவது நாள் கடைசி டைவ்ல மறுபடி அதே பவளத்துக்குப் போனேன். அதே விளிம்புல அதே மீன் உக்காந்திருந்துச்சு. எனக்கு அப்ப வந்த சந்தோஷத்தை எழுத்துல சொல்ல முடியல. திரும்பி வந்து இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சவன் இன்னும் நிறுத்தல, அதுல எனக்குப் புரிஞ்சதைத்தான் இங்க எழுதுறேன்.

இந்தக் கூட்டத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வச்சிருக்க பேரு கிரிப்டோபெந்திக் மீன்கள், அதாவது தரையோட ஒட்டி ஒளிஞ்சு வாழுறதுன்னு அர்த்தம். உளுவை மீன் குடும்பம் தெரியும்ல, ஆங்கிலத்துல கோபின்னு சொல்றது, அதுதான் இதுல பெரிய பங்கு, அந்தக் குடும்பத்துல மட்டுமே 2000 இனத்துக்கு கிட்ட இருக்கு. அப்புறம் பிளென்னி, கார்டினல் மீன், டிரிபிள்ஃபின் இந்த மாதிரி இன்னும் பல குடும்பங்கள். திட்டுல இருக்க மீன் இனங்கள்ல கிட்டத்தட்ட பாதி இந்தப் பொடி மீனுங்கதான்.

இதையெல்லாம் சரியா எண்ணணும்னா டேப்பும் சிலேட்டும் பத்தாது. ஒரு சின்ன இடத்தைப் பொடிக்கண் வலையால மூடிட்டு, உள்ள கிராம்பு எண்ணெய்க் கரைசலை விடுவாங்க, அதுல இருக்க யூஜினால்ங்கற பொருள் மீனை மயக்கிடும், அப்புறம் ஒவ்வொரு இடுக்கா விரலால துழாவிச் சின்ன வலையில பொறுக்கி எடுக்கணும். மணிக்கணக்கா ஒரு சதுர மீட்டரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற வேலை. இப்படி எடுத்துப் பார்த்தப்பதான் கண்ணால எண்ணினதுக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம்னு தெரிய வந்துச்சு.

சரி, எண்ணிக்கை நிறைய, ஆனா எடை? அங்கதான் இவ்வளவு நாள் எல்லாரும் இதைக் கண்டுக்காம விட்டதுக்குக் காரணம் இருக்கு. இந்த மீனுங்க பல இனம் ஒரு கிராம் கூட வராது. எந்த நேரத்துல எடுத்து எடை போட்டாலும் திட்டோட மொத்த மீன் எடையில இதோட பங்கு ரொம்பக் கொஞ்சமாதான் இருக்கும். ஒரு களவாவைத் தராசுல வச்சா அதுக்கு ஈடு கட்ட ஆயிரக்கணக்குல இதை வைக்கணும். அதனால "இருக்கு, ஆனா பெருசா கணக்குல சேராது"ன்னு ஒதுக்கிட்டாங்க.

இங்கதான் ஒரு பழைய புதிர் வந்து சேருது. வெப்பமண்டலக் கடல் தண்ணி அவ்வளவு தெளிவா கண்ணாடி மாதிரி இருக்கறதைப் பார்த்து நாம அழகுன்னு சொல்றோம், ஆனா தெளிவா இருக்கறதுக்குக் காரணமே அதுல ஊட்டச்சத்து இல்லாததுதான், சத்து இருந்தா தண்ணியில மிதக்கற நுண்ணுயிருங்க, பிளாங்க்டன்னு சொல்றது, பெருகி தண்ணி பச்சையா கலங்கியிருக்கும். அப்படிப்பட்ட சத்தில்லாத தண்ணிக்கு நடுவுல, கடல் தரைப்பரப்புல ஒரு சதவீதம்கூட இல்லாத இடத்துல, கடல் உயிரினங்கள்ல கால்வாசி எப்படி அண்டி வாழுது? டார்வின் பேரைச் சேர்த்து டார்வின் முரண்னு சொல்லுவாங்க இதை. இதுக்கு ஒரே விடை கிடையாது. பவளத்துக்குள்ள வாழுற பாசி சூரிய ஒளியில தயாரிக்கறது, கடற்பஞ்சு தண்ணியில கரைஞ்சிருக்கறதை உறிஞ்சித் திருப்பித் தர்றது, கடலோட்டம் கொண்டு வந்து சேர்க்கறதுன்னு பல வழி இருக்கு. ஆனா இத்தனை பெரிய மீனுங்களுக்குத் தினமும் இரை எங்க இருந்து வருதுங்கற இடத்துல மட்டும் ஒரு ஓட்டை இருந்துக்கிட்டே இருந்துச்சு.

2019ல சயின்ஸ் இதழ்ல சைமன் பிராண்டலும் அவரோட சேர்ந்தவங்களும் எழுதின ஒரு ஆய்வு வந்துச்சு. திட்டுல மீனால சாப்பிடப்படற மீன் சதையில கிட்டத்தட்ட 60 சதவீதம் இந்தப் பொடி மீனுங்க கிட்ட இருந்துதான் வருதுன்னு அவங்க கணக்கு சொல்லுது. தராசுல வச்சா ஒண்ணுமே இல்லாத கூட்டம், ஆனா திங்கப்படறதுல பாதிக்கும் மேல. இதை முதல்ல படிச்சப்ப நான் ரெண்டு மூணு தடவ திரும்பப் படிச்சேன், எங்கயோ தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னுதான் நினைச்சேன்.

வறண்ட ஆத்து மணல்ல தோண்டின ஊத்தை நினைச்சுப் பாருங்க. எப்ப எட்டிப் பார்த்தாலும் அடியில ஒரு சொம்பு தண்ணிதான் நிக்கும். அந்த ஒரு சொம்பை மட்டும் அளந்துட்டு இதுல என்ன இருக்குன்னு கேட்டுட்டுப் போனா அது பெரிய தப்பு, ஏன்னா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரே இறைச்சாலும் அந்த ஒரு சொம்பு நிக்கும். இறைக்க இறைக்க ஊறுது. நிக்கற தண்ணியை அளந்தா ஊத்தோட பலம் தெரியாது, ஊறுற வேகத்தை அளக்கணும். இவ்வளவு நாள் திட்டுல நாம நிக்கற தண்ணியைத்தான் அளந்துக்கிட்டு இருந்திருக்கோம்.

ஊறுற வேகம் எவ்வளவுன்னு பார்க்க ஒரே ஒரு மீனை எடுத்துக்கறேன், எவியோட்டா சிகில்லாட்டா. ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ல வாழுற ஒரு குட்டி உளுவை, வளர்ந்தா ஒண்ணுல இருந்து ரெண்டு செண்டிமீட்டர். 2005ல மார்ட்டியல் டெப்சின்ஸ்கியும் டேவிட் பெல்வுட்டும் இதோட வயசைக் கண்டுபிடிச்சு எழுதினாங்க. மீனோட தலைக்குள்ள காதுக்கல்னு ஒரு சின்னச் சுண்ணாம்புத் துணுக்கு இருக்கும், மரத்துல வருஷத்துக்கு ஒரு வளையம் விழற மாதிரி இந்த மீனுங்களுக்கு நாளைக்கு ஒரு வளையம் விழும். அதை எடுத்துத் தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல வச்சு எண்ணினாங்க. அதிகபட்சம் 59. அதாவது இந்த மீனோட முழு ஆயுளே 59 நாள்தான், ரெண்டு மாசம்கூட இல்ல. முதுகெலும்பு இருக்க உயிரினத்துல அதுவரைக்கும் குறைஞ்ச ஆயுள்னு பதிவாகியிருந்தது ஆப்பிரிக்காவுல மழைக்குட்டைகள்ல வாழுற கில்லிஃபிஷ், அதுவே பன்னெண்டு வாரம் போல இருக்கும், அதை இது முறியடிச்சுடுச்சு.

அந்த 59 நாளைப் பிரிச்சுப் பாருங்க. முதல் மூணு வாரம் லார்வாவா, அதாவது முட்டையில இருந்து வந்த பொடிக் குஞ்சா, கடல்ல மிதக்குது. அப்புறம் திட்டுல வந்து உக்காந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல பெருசாகணும். மிச்சம் இருக்கறது மூணரை வாரம். அந்த மூணரை வாரத்துல ஜோடி தேடணும், முட்டை போடணும், ஆண் மீன் அந்த முட்டை பொரியற வரைக்கும் பக்கத்துலயே காவல் இருக்கணும், பொரிஞ்சதும் அடுத்த தடவை. இதுக்கெல்லாம் நடுவுல ஒவ்வொரு நாளும் நூத்துக்கு ஏழு எட்டு மீன் எதோட வாய்க்காவது போயிடுது. வயசாகி சாகறது ரொம்ப அபூர்வம். இந்த அளவுக்குச் சாவு துரத்துனா ஒரு இனம் எப்படித் தாக்குப் பிடிக்கும்? சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் முட்டை போட்டு, செத்தவன் இடத்துல அடுத்தவனை உக்கார வச்சுட்டாதான் தாக்குப் பிடிக்கும். அந்த அவசரம்தான் ஊத்தோட ஊறல். எனக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் கனத்துப் போச்சு, இந்த மீனோட வாழ்க்கை முழுக்க ஓட்டம்தான், அந்த ஓட்டத்தைத்தான் அந்தத் திட்டு தின்னு வாழுது.

ஆனா அடுத்தடுத்து உக்கார ஆள் வரணும்ல, எங்க இருந்து வரும்? திட்டு மீனுங்க பெரும்பாலானதுக்கு லார்வாப் பருவம் திறந்த கடல்ல கழியும், நீரோட்டம் எங்க கொண்டு போகுதோ அங்க, அதுல பெரும்பான்மை திரும்பி வராது. இந்தப் பொடி மீனுங்க விஷயத்துல வேற மாதிரி நடக்குது. திட்டுக்குப் பக்கத்துத் தண்ணியில லார்வாக்களை அலசிப் பார்த்தா அங்க ஆதிக்கம் செலுத்தறது இதுங்களோட லார்வாதான், பெரிய மீனோட லார்வா தூரத்துக் கடலுக்குப் போகப் போக அதிகமா கிடைக்குது. ஏன் பக்கத்துலயே நிக்குதுன்னா, தண்ணியில முட்டையைச் சும்மா தூவி விடாம ஒரு இடத்துல ஒட்ட வச்சு, இல்ல கார்டினல் மீன் மாதிரி அப்பன் மீன் வாய்க்குள்ளயே வச்சு, பொரியற வரைக்கும் காப்பாத்தறது ஒரு முக்கியக் காரணமா இருக்கும். கார்டினல் மீன்ல ஆண் தன் வாயில முட்டையை வச்சுக்கிட்டு அத்தனை நாளும் சாப்பிடாம இருக்கும், அப்பப்ப வாயை லேசாத் திறந்து முட்டையைப் புரட்டி விடும். இப்படிப் பொத்திப் பாதுகாத்து விட்ட குஞ்சு வீட்டு வாசல்லயே வளர்ந்து வீட்டுக்குள்ளயே திரும்பி வருது, அதனால காலியான இடம் சட்டுன்னு நிரம்புது.

இதுங்க என்ன சாப்பிடுதுன்னு பார்த்தா இன்னொரு கணக்கு புரியும். கல்லு மேல வெல்வெட் துணி மாதிரி படிஞ்சிருக்க பாசிப் படலத்துக்குள்ள ஊசிமுனை அளவு ஓட்டுடலிகள் கோடிக்கணக்குல இருக்கும், கோப்பிபாட் மாதிரி. அழுகின தூசு, மக்கினது, பாக்டீரியா ஒட்டியிருக்க குப்பை எல்லாம் அதுல சிக்கியிருக்கும். பெரிய மீன் ஒரு களவாவோ சங்கராவோ இதை ஒண்ணொண்ணா பொறுக்கித் தின்னு வயிறு நிரப்ப முடியாது. உளுவை பொறுக்கும், பிளென்னி சீப்பு மாதிரி இருக்க பல்லால வாரி எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிரை எல்லாம் சேர்த்து ஒரு கடி அளவுக்கு ஒரு மீனா உருட்டித் தர்ற வேலை இது. அந்தக் கடியை எடுத்துக்கறது அடுத்த அளவு மீன், அதை அதுக்கு அடுத்தது, கடைசியில நாம கேமராவைத் தூக்கற சுறா வரைக்கும்.

திங்கப்படறதுக்கு மட்டும்தான் பொடி மீன்னு நினைச்சுடாதீங்க, உயிரோட இருக்கும்போதே சின்ன மீனுங்க செய்யற வேலை இன்னொரு பக்கம் இருக்கு, எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது ராத்திரி வேலை.

பகல்ல பவளத்துக்குள்ள இருக்க பாசி ஒளிச்சேர்க்கை பண்றதால ஆக்சிஜனுக்குப் பஞ்சம் இல்ல. சூரியன் மறைஞ்சதும் அது நின்னுடும், ஆனா பவளமும் பாசியும் மூச்சு விடறதை நிறுத்தாதே. அடர்த்தியா கிளை விட்ட பவளத்துக்கு உள்பக்கம் தண்ணி ஓட்டமும் கம்மி, அதனால நடுராத்திரியில அந்த இடுக்கெல்லாம் ஆக்சிஜன் மட்டமா இறங்கிடும். செங்கடல்ல டாசில்லஸ்னு ஒரு டாம்சல் மீன் இருக்கு, பகல் பூரா பவளத்துக்கு மேல மிதந்து பிளாங்க்டன் பொறுக்கிட்டு ராத்திரி கூட்டமா கிளைக்குள்ள வந்து தூங்கும். தூங்கும்போது துடுப்பை அசைச்சுக்கிட்டே தூங்குது. பகல்ல நீந்தறதை விட அதிக வேகத்துல அசைக்குதுன்னு 2004ல எழுதின ஆய்வு ஒண்ணு இருக்கு, தூக்க நீச்சல்னே அதுக்குப் பேர் வச்சிருக்காங்க. அந்த அசைவுல புதுத் தண்ணி உள்ள வருது, ஆக்சிஜன் வருது, பவளம் மூச்சு விடுது. தங்க இடம் கொடுத்தவனுக்கு ராத்திரி பூரா விசிறி விடுற மாதிரி. கடல் தாமரைக்குள்ள வாழுற கோமாளி மீனும் இதே மாதிரி உள்ள புரண்டு புரண்டு தண்ணியைக் கலக்கிக் கொடுக்குது. கிளைக்குள்ளயே நிரந்தரமா குடியிருக்க பவள உளுவைங்க இன்னும் ஒரு படி மேல, ஆக்சிஜன் ரொம்பக் குறைஞ்சாலும் தாங்கிக்கும், தண்ணி வத்தி பவளம் வெளியில தெரியும்போது சில மணி நேரம் காத்துலயே மூச்சு விட்டுத் தாக்குப் பிடிக்கும், வீட்டை விட்டுப் போகவே போகாது.

அதோட இந்த மீனுங்க கழிக்கற கழிவு இருக்கே, அதுல வர்ற அமோனியா, அது பவளத்துக்கு உரம். சத்தில்லாத தண்ணியில இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. கரீபியன்ல செயின்ட் குரோய் தீவுப் பக்கம் கிரண்ட் மீன் குஞ்சுங்க ராத்திரி கடல்புல் மேட்டுல போய் மேஞ்சுட்டு பகல்ல பவளத்துக்கு மேல கூட்டமா வந்து நின்னு ஓய்வெடுக்கும், அங்கயே கழிக்கும். அப்படிக் குஞ்சுங்க வந்து தங்கற பவளம் தங்காத பவளத்தை விட வேகமா வளருதுன்னு 1983லயே அளந்து சொல்லிட்டாங்க. வெளியில மேஞ்சதை வீட்டுக்குக் கொண்டு வந்து கொட்டுது. மந்தை மாட்டை வயல்ல கிடை போட்டு உரம் ஏத்தறது மாதிரியே இருக்கு இது. டாம்சல் கூட்டம் வெளிக்கடல்ல இருந்து மிதந்து வர்ற பிளாங்க்டனைத் திட்டு விளிம்புல நின்னு பிடிச்சுத் தின்னுட்டு உள்ள வந்து கழிக்கறதும் இதே கணக்குதான், கடந்து போயிருக்க வேண்டிய சத்து திட்டுக்குள்ள தங்கிடுது.

சுத்தக்கார மீன் கதை நிறைய பேருக்குத் தெரியும். நீலத்துல கருப்புக் கோடு போட்ட கிளீனர் ராஸ், விரல் நீளம். ஒரு இடத்துல நின்னு மேலயும் கீழயும் ஆடி ஆடி நீந்தும், பெரிய மீனுங்க வந்து வரிசையில நின்னு வாயைத் திறந்து செவுளை விரிச்சுக் காட்டும், இது உள்ள போய் ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்னும். கிரேட் பேரியர் ரீஃப்ல இருக்க லிசார்ட் தீவுல அலெக்சாண்ட்ரா குரட்டர்ங்கற ஆராய்ச்சியாளர் அளந்ததுல ஒரு மீன் ஒரு நாளைக்கு சராசரியா 1200 ஒட்டுண்ணிக்கு மேல தின்னுது. இதுக்கு உண்மையில பிடிச்சது ஒட்டுண்ணி இல்ல, வாடிக்கையாளர் உடம்பு மேல இருக்க வழவழப்பு, அதைக் கடிச்சா வந்த மீன் துள்ளிட்டு ஓடிடும், அதனால ஆசையை அடக்கிக்கிட்டு வேலை செய்யுது. ஜோடியா வேலை செய்யும்போது பெண் மீன் ஏமாத்திக் கடிச்சா ஆண் அதைத் துரத்தும். இவ்வளவு நுணுக்கமான பழக்கம் ஒரு விரல் நீளத்துக்குள்ள.

ஆனா நான் இதைச் சொல்ல வந்த காரணம் வேற. அந்த மீன் இல்லன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க சில குட்டித் திட்டுகள்ல இருந்து கிளீனரை மட்டும் எடுத்துட்டு, திரும்ப வரவர எடுத்துக்கிட்டே எட்டரை வருஷம் பார்த்தாங்க. எட்டரை வருஷம்! அவ்வளவு பொறுமையா செஞ்ச பரிசோதனையைப் பார்த்தா எனக்கு மரியாதையா இருக்கு. 2011ல முடிவு வந்துச்சு. கிளீனர் இல்லாத திட்டுல குடியிருக்க மீன் எண்ணிக்கை 37 சதவீதம் குறைவு, இனங்களோட எண்ணிக்கை 23 சதவீதம் குறைவு, இருந்த டாம்சல் மீனுங்களும் அளவுல சின்னதா இருந்துச்சு. பாறை அதேதான், தண்ணி அதேதான். விரல் நீள மீன் ஒண்ணு ரெண்டு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்ன மீன் எல்லாமே பவளத்துக்கு நல்லதுதான்னு சொன்னா அது பொய். ஸ்டெகாஸ்டஸ்னு ஒரு டாம்சல் வகை இருக்கு, பாசித் தோட்டம் போடுற மீன். தனக்குப் பிடிக்காத பாசியைப் பிடுங்கிக் கொண்டு போய் வெளியில துப்பிட்டு பிடிச்ச பாசியை மட்டும் வளர்க்கும், பக்கத்துல யார் வந்தாலும் தன்னை விடப் பத்து மடங்கு பெருசா இருந்தாலும் மோதி விரட்டும், டைவர் கையையே வந்து கொத்தும். தோட்டத்தைப் பெருசாக்க உயிரோட இருக்க பவளத்தைக் கொத்திக் கொன்னு அந்த இடத்துல பாசி வளர விடறதும் உண்டு. அதே சமயம் அந்தத் தோட்டத்துக்குள்ள வேற சின்ன உயிருங்க பாதுகாப்பா பெருகுது. நல்ல மீன் கெட்ட மீன்னு பிரிக்கற பழக்கத்தை இங்க கொஞ்சம் தள்ளி வச்சுதான் பார்க்கணும்.

இப்ப எனக்குப் பயமா இருக்க விஷயத்துக்கு வர்றேன். ஊத்துக்கு மணல் வேணும். இந்த மீனுங்களுக்கு மணல்ங்கறது கிளை விட்ட பவளம், இடுக்கு, ஓட்டை. பப்புவா நியூ கினியில கிம்பே விரிகுடாவுல எட்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2004ல எழுதினாங்க, பவளம் குறையக் குறைய மீன் இனங்கள்ல நாலுல மூணு பங்குக்கு மேல எண்ணிக்கையில இறங்கிடுச்சு, பாதி இனங்கள் இருந்ததுல பாதிக்கும் கீழ போயிடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது, மீன் பிடிக்கத் தடை போட்ட பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளயும் அதே அளவுக்கு இறங்கிடுச்சு. வலையைத் தடுக்கலாம், பவளத்தை வெளுக்க வச்சுக் கொல்ற கடல் சூட்டைத் தடுக்க வேலி கிடையாது. ஒரே ஒரு பவள இனத்துல மட்டும் குடியிருக்க பவள உளுவைங்க உண்டு, அந்தப் பவளம் வெளுத்து செத்து உடைஞ்சு சரளைக் கல்லானா அதுங்க வேற எங்கயும் போக முடியாது.

பாரசீக வளைகுடாவையும் பக்கத்துல இருக்க ஓமன் வளைகுடாவையும் ஒப்பிட்டு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு. பாரசீக வளைகுடாத் தண்ணி கோடையில 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும், உலகத்துலயே சூடான பவளத்திட்டு அங்கதான். அங்க பவளம் ஓரளவு தாங்கிப் பிடிச்சு நிக்குது. ஆனா பொடி மீன் இனங்கள் ஓமன் பக்கம் இருக்கறதுல பாதிகூட இல்ல, எண்ணிக்கை கால்வாசி அளவுதான். வெளியில இருந்து பார்த்தா திட்டு இருக்கு, மேல பெரிய மீன்கூட சிலது நீந்துது, உள்ள ஊறல் குறைஞ்சிருக்கு. உலக அளவுல நாலாவது பவள வெளுப்புன்னு 2024 ஏப்ரல்ல அறிவிச்சப்ப செய்தியில வெள்ளை வெளேர்னு பவளத்தோட படம்தான் எல்லா இடத்துலயும் போட்டாங்க. அந்தக் கிளைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்ததுங்க எங்க போச்சுன்னு யாரும் கேட்டு நான் பார்க்கல. ரெண்டு மாச ஆயுசுல அதுங்களுக்கு அடுத்த வருஷம் சரியாகும்னு காத்திருக்க நேரமே கிடையாது. ஒரு களவா ரெண்டு மூணு மோசமான வருஷத்தைத் தாண்டி உயிரோட இருக்கலாம். 59 நாள் மீனுக்கு ஒரு மோசமான கோடையே ரெண்டு தலைமுறை.

திட்டோட நிலைமையைச் சொல்ற கணக்குல இதுங்களையும் சேர்க்கணும்னுதான் நான் யார் கிட்ட இதைப் பத்திப் பேசினாலும் சொல்லிக்கிட்டு இருக்கேன். டேப் விரிச்சு எண்ணும்போது கூட, பத்து மீட்டருக்கு ஒரு தடவ நின்னு ஒரு சாண் அளவு இடத்தைப் பத்து நிமிஷம் பார்த்தாலே எவ்வளவோ தெரியும். இப்ப நான் பார்க்கற விதமும் மாறிடுச்சு. திட்டு வீடியோ ஏதாவது ஓடினா ஆமை வர்ற இடத்தைத் தள்ளி விட்டுட்டு, கேமரா பவளத்துக்குக் கிட்ட போற ரெண்டு செகண்டை நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்கறேன். முதல்ல கண்ணைத் தேடணும், உடம்பைத் தேடினா கிடைக்காது.

ஆறாவது நாள் நான் பார்த்த அந்த மீனைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாள் அது முதல் நாள் பார்த்த அதே மீன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், எல்லார் கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். எவியோட்டாவுக்குச் சொன்ன விகிதத்தை வச்சு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாளைக்கு நூத்துல எட்டு போகுதுன்னா அஞ்சு நாள்ல மூணுல ஒண்ணு போயிடுது. அப்படின்னா நான் முதல் நாள் பார்த்தது நடுவுல ஏதோ ஒரு சாயங்காலம் போயிருக்கவும், அந்த வாரம்தான் கடல்ல இருந்து வந்து இறங்கின இன்னொண்ணு அதே விளிம்புல, அதே மாதிரி கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கவும் நல்லாவே வாய்ப்பு இருக்கு.